ஆராய்ச்சிக்காரருக்கு ஓர் இடம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கில் கரையான் புற்றுக் கட்டட்டும். மட்டிமலைச் சாமியார் தும்மினால் மலை அரை முழம் நகரும். அதுவும் நிஜம். நகர்ந்த தடத்தில்தான் இப்போது ஓடை ஓடுகிறது.

அந்தச் சாமியாரிடம் சீடன் அரியநாயகம் ஒருநாள் கேட்டான்.

“சுவாமி, பாதி வயதில் பார்வை போகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வாத்தியார் இல்லை. எப்படித்தான் பிழைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்?”

“உனக்கெதற்கு?”

“ஆராய்ச்சி.”

மடத்தில் ஏடு வாசிப்பவன் அவன். வேறு வேலை தெரியாது. கொஞ்ச நாளாக அவன் வாசிக்கவில்லை, மனப்பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான். யாருக்கும் தெரியாது என்று நம்பினான்.

“குளத்தங்கரை மண்டபத்துக்குப் போ,” என்றார் சாமியார். “பார்வை போனவர்கள் அங்கேதான் கூடுவார்கள்.”

போனான். ஐப்பசி மழை முழுக்க அங்கே தூணோடு தூணாக நின்றான். திரும்பி வந்தான்.

“என்ன கண்டாய்?”

“புதிதாக வருகிறவரைக் கையைப் பிடித்து இழுப்பதில்லை, சுவாமி. தோளைக் கொடுக்கிறார்கள். கஞ்சிக் கலயத்தைத் தேடும்போது புறங்கையைத் தரையோடு நகர்த்திக்கொண்டே போகச் சொல்கிறார்கள். சிந்துவதே இல்லை. வீராயி என்று ஒரு அம்மாள், அதட்டி அதட்டிச் சொல்லிக் கொடுக்கிறாள்.”

“உன்னிடம் என்ன கேட்டார்கள்?”

“‘உனக்கு எப்பப் போச்சு?’ என்று. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.”

“என்ன சொன்னாய்?”

“எனக்கு ஒன்றுமில்லை, ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறேன் என்றேன்.”

“அப்புறம்?”

“பேச்சு நின்றுவிட்டது. ‘ஏய் ஆராய்ச்சி, தூணைத் தடவித்தான் நாங்க போகணும், தள்ளி நில்லு’ என்றாள் அந்த அம்மாள். அவ்வளவுதான்.”

சாமியார் ஒரு கலயம் மோரைத் தரையில் வைத்தார்.

“குடி.”

அரியநாயகம் கை நீட்டினான். கலயம் உருண்டது.

சாமியார் மறுபடி வார்த்தார். வேறு இடத்தில் வைத்தார்.

“குடி.”

மறுபடியும் உருண்டது. மோர் அவன் மடியில் ஊறியது.

மடியைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

“வேறு யாருக்குத் தெரியும், சுவாமி?”

“மடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும். உனக்குத்தான் தெரியாதென்று நினைத்திருந்தோம்.”

“இனி ஏடு?”

சாமியார் கலயத்தை எடுத்தார். துடைத்தார். கவிழ்த்து வைத்தார்.

அரியநாயகம் கார்த்திகை மழையில் இறங்கி நடந்தான்.

மண்டபத்தில் கால் வைத்ததும் வீராயி சொன்னாள்.

“ஆராய்ச்சி வந்திருச்சு. நடையிலேயே தெரியுது. இன்னும் என்னய்யா பாக்கணும் எங்ககிட்ட?”

“எனக்கும் போய்க்கிட்டிருக்கு.”

வீராயி குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“எவ்வளவு மிச்சம்?”

“வெளிச்சம் தெரியும். முகம் தெரியாது.”

“இதச் சொல்ல இத்தன நாளா?”

பக்கத்திலிருந்தவனை அவள் முழங்கையால் இடித்தாள். “நகருய்யா.”

அரியநாயகம் உட்கார்ந்தான்.

“அழுறதுன்னா இப்பவே அழுதுக்கோ தம்பி,” என்றாள் வீராயி. “கஞ்சி வர்ற நேரம். சிந்தினா மறுகஞ்சி கிடையாது.”

இந்தக் கதையைச் சொன்னது யாரென்று எங்கேயும் மூச்சு விடாதீர்கள். வீராயிக்கு ஏழு ஊர் கேட்கும் காது. அன்றைக்கு அவள் இடித்த விலா எனக்கு இன்னும் வலிக்கிறது.