வாத்துக் குஞ்சும் மூன்று சங்குப் பாலும்

முன்னொரு காலத்தில் ஆலம்பட்டணம் என்றொரு நாட்டை வெண்குடைராயன் ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் அவன் மனதில் தோன்றியது மதியத்துக்குள் சட்டமாகிவிடும். மந்திரி விருத்தகிரிக்கு முப்பது வயதிலேயே தலை நரைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஒருநாள் செங்காயி என்ற குடியானவப் பெண், ஒரு கோழியையும் பத்துக் குஞ்சுகளையும் அரசனுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தாள். வாத்து ஒழுங்காக அடை உட்காராது என்பதால், அதன் முட்டையைக் கோழிக்கு வைத்துப் பொரிப்பது அவள் ஊர் வழக்கம். குஞ்சு பத்தும் வாத்துதான். பார்த்தால் தெரியாதா என்று அவள் அதைச் சொல்லவில்லை. அரசனுக்குத் தெரியவில்லை.

கூடையைத் திறந்ததும் பத்தும் குடுகுடுவென்று ஓடி அரண்மனைக் குளத்தில் குதித்தன. கோழி கரையில் நின்று கத்தித் தீர்த்தது.

"ஐயோ, என் ஆட்சியில் கோழிக்குஞ்சுகள் தற்கொலை செய்துகொள்கின்றனவே!" என்று அலறினான் அரசன்.

ஆறு வீரர்கள் கவசத்தோடு குளத்தில் பாய்ந்தார்கள். குஞ்சுகள் மிதந்தன. வீரர்களைத்தான் கயிறு போட்டு இழுக்க வேண்டியிருந்தது.

"அரசே, அவை வாத்துகள்" என்றார் விருத்தகிரி.

மந்திரி பதவிமேல் கண்ணாயிருந்த பிரதானி அம்பலத்தரசர் விடுவாரா? "கோழி அடைகாத்தது, கோழி இரை காட்டியது. யார் தயவில் உடம்பு வளர்ந்ததோ அந்த இனம்தான் அவை!"

"மிதக்கின்றனவே?"

"அது அரசர் செய்த புண்ணியம்."

அரசன் முகம் மலர்ந்துவிட்டது. பிரதானியின் பேச்சு அப்படியே சட்டமாயிற்று. குஞ்சுகளைப் பிடித்து உலர்ந்த கூடையில் அடைத்தார்கள். நாளை உச்சிவேளைக்குள் சட்டம் தவறென்று மந்திரி நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் பதவி பிரதானிக்கு. மந்திரி வாத்து என்று சொல்லும்படியான குஞ்சுகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்த செங்காயியும் நாட்டைவிட்டே போக வேண்டும்.

"என்னை எங்க வேணா விரட்டுங்க சாமி. குஞ்சுங்க தண்ணியில்லாம சொணங்கிக் கெடக்குதுங்க. அதுங்களை விட்டுடச் சொல்லுங்க" என்று அழுதாள் அவள்.

விருத்தகிரி தன்னையே நொந்துகொண்டார். வாத்து என்று வாயைத் திறந்ததே தான்தானே! பேச்சை மாற்ற, "உனக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார்.

"மூணு சாமி. மூணுக்கும் பொறந்த கையோட சங்குல கழுதைப்பால் குடுத்தேன். ஒரு சீக்கு வந்ததில்லை."

மந்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் சபையில், பெரிய அழுக்குமூட்டை ஒன்றை அம்பலத்தரசர் முன்னால் விருத்தகிரி இறக்கினார்.

"பிரதானியாரே, கொஞ்சம் குனியுங்கள்."

"என்ன திமிர்!"

"குழந்தையில் கழுதைப்பால் குடித்தீர்களா?"

"குடிக்காத குழந்தை இந்த நாட்டில் உண்டா?"

"யார் தயவில் உடம்பு வளர்ந்ததோ அந்த இனம். ஆற்றங்கரையில் உங்கள் சொந்தபந்தம் எல்லாம் காத்திருக்கிறது. வெள்ளாவிக்கு நேரமாகிறது."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சட்டம் சட்டம்தான். தூக்குமய்யா!"

முதுகில் மூட்டையோடு பிரதானி சபையை ஒரு சுற்றுச் சுற்றினார். அதற்குள் இன்னொரு மூட்டை வந்தது. இது பட்டில் கட்டியது. சிம்மாசனத்தின் அடியில் வைத்தார்கள்.

"இது யாருக்கு?"

விருத்தகிரி இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். ஆனாலும் சொன்னார். "தங்கள் தாதியை விசாரித்தேன் அரசே. தங்களுக்கு மூன்று சங்கு. அரண்மனை அல்லவா, தாராளம்."

அரசன் பட்டுமூட்டையைப் பார்த்தான். குனிந்து நின்ற பிரதானியைப் பார்த்தான். தன் காதை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்! பிரதானியாரே, நீர் நிமிர வேண்டாம். இரண்டு மூட்டையையும் ஆற்றங்கரையில் சேர்த்துவிட்டு வாரும்!"

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. செங்காயிக்கு அரண்மனைக் குளமே கிடைத்தது. குஞ்சுகள் ஆசைதீர நீந்திவிட்டு, சொட்டச் சொட்டக் கரையேறிக் கோழியின் இறக்கைக்குள் புகுந்தன. கோழி தொப்பலாக நனைந்தும் நகரவில்லை.

"வாத்துதான் என்றீர்களே, பிறகு எதற்குக் கோழியிடம் வருகின்றன?" என்று கேட்டான் அரசன்.

"நீந்தறதுக்குக் குளம் போதும் மகராசா. தூங்கறதுக்கு ஆத்தா வேணுமில்ல?" என்றாள் செங்காயி.

அரசன் அதையும் சட்டமாக்க வாயெடுத்தான். விருத்தகிரி கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.