தலைதீபாவளி லேப்டாப்

தென்காசி மாப்பிள்ளை தங்கதுரைக்கு வாய் கொஞ்சம் நீளம். தலைதீபாவளிக்கு மோதிரம் போடுகிறேன் என்றார் மாமனார்.

"மோதிரம் எதுக்கு மாமா? கேமிங் லேப்டாப் வாங்குங்க. ஆனா அது சூடாகக் கூடாது. ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது. சார்ஜ் இறங்கவே கூடாது. ஒண்ணு குறைஞ்சாலும் நான் வரமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார்.

மாமனார் கடை கடையாக ஏறி இறங்கினார். அப்படி ஒரு லேப்டாப் உலகத்திலேயே இல்லை என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். இளைய மகள் பேச்சி, "நான் வாங்குதேன்ப்பா, அத்தானை வரச் சொல்லுங்க" என்றாள்.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த மாப்பிள்ளையின் மடியில் லேப்டாப்பை வைத்தாள்.

"சூடா இருக்கா, அத்தான்?"

"இல்லை."

"சத்தம்?"

"மூச்சே இல்லை."

"சார்ஜும் முழுசா இருக்கு. நாளைக்கும் அப்படியே இருக்கும்."

"பார்த்தீங்களா, கேட்டாத்தான் கிடைக்கும்" என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்தபடி பொத்தானை அழுத்தப் போனார் மாப்பிள்ளை. பேச்சி குறுக்கே கையை வைத்தாள்.

"அதை மட்டும் அழுத்தாதீங்க. அழுத்தினா நீங்க கேட்ட மூணும் போயிரும்."

வீடே சிரித்தது. மாப்பிள்ளையும் அசடு வழிந்தார். "சரி, அழுத்தினா எப்படித்தான் ஓடும்?"

"நல்லா ஓடும். சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா ரேம் கூட்டிக்க உள்ளே இடம் இருக்கு, போகப் போகத் தேத்திக்கலாம்."

"இதை வச்சு நான் எப்படிச் சமாளிக்க?"

"நீங்க பொண்ணு பார்த்துட்டுப் போனதும் அக்கா உங்களைப் பத்தி இதையேதான் சொன்னா, அத்தான். அவ சமாளிக்கலையா?"