காடு முடியும் இடம்

நாட்டுக்கு ஓர் அரசன் இருந்தான். அரசனுக்கு ஆயிரம் வேலை இருந்தது. காட்டு வழியைக் காக்க மட்டும் ஆள் இல்லை. அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வெள்ளூரில் ஒரு வணிகர் கூட்டம். அதற்குத் தலைவர் அருமொழிச் செட்டியார். மலையடிவாரத்தில் ஒரு காவலர் கூட்டம். அதற்குத் தலைவர் கொற்றனார். மிளகும் துணியும் ஏற்றிய வண்டிகள் கள்வர் கையில் சிக்காமல் காட்டைத் தாண்ட வேண்டும். அதற்காக இரண்டு கூட்டமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன.

ஓலை எழுதியவர் தத்தனார். முத்து முத்தான எழுத்து, தேனாக ஓடும் நடை. ‘காடு முடியும்வரை காவலர் துணை வருவர்’ என்று எழுதினார். கேட்டவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

தை மாதம் வண்டிகள் புறப்பட்டன. பெரிய மரங்கள் முடிந்த இடத்தில் காவலர்கள் திரும்பிவிட்டார்கள். அதற்கப்பால் ஆறுவரை வெறும் முட்புதர். அங்கே கள்வர்கள் பாய்ந்தார்கள். வண்டியோட்டிகள் மூன்று பேர் மாண்டுபோனார்கள்.

“ஆறுவரை காடுதானே? பாதியில் விட்டுவிட்டீர்களே” என்றார் செட்டியார்.

“மரம் முடிந்தால் காடு முடிந்தது. நாங்கள் சொல் தவறவில்லை” என்றார் கொற்றனார்.

இருவரும் ஒரே ஓலையைக் காட்டினார்கள். இருவர் சொன்னதற்கும் அதில் இடம் இருந்தது.

தத்தனார் மாண்டவர்களின் மூன்று வீடுகளுக்கும் போனார். “பிழை என் எழுத்தில்” என்று சொல்லித் தலைகுனிந்து நின்றார். இரண்டு வீடுகளில் அழுதார்கள். மூன்றாம் வீட்டில் இறந்தவனின் மனைவி சிலம்பி அழவில்லை. “என் தம்பியும் வண்டிதான் ஓட்டுகிறான். அடுத்த ஓலையை ஒழுங்காக எழுதுங்கள்” என்றாள்.

மறுமாதம் தலைவர்கள் இருவரும் புதிய ஓலைக்கு வந்தார்கள். தத்தனார் எழுத்தாணியைத் தொடவில்லை. “முதலில் நடந்து பார்ப்போம்” என்றார்.

மூவரும் நடந்தார்கள். மரத்தடியில் நின்று, “இது காடா?” என்று தத்தனார் கேட்டார். இருவரும் ஆம் என்றார்கள். முட்புதரில் நின்று, “இது காடா?” என்று கேட்டார். ஒருவர் ஆம் என்றார், ஒருவர் இல்லை என்றார். ஆற்றங்கரையில் நின்று கேட்டார். காடு முடிந்த இடம் என்று ஒருவர் ஆற்றைக் காட்டினார், ஒருவர் பின்னால் தெரிந்த மரங்களைக் காட்டினார்.

“அப்படியானால் அக்கரையில் தெரியும் யானைப்பாறைவரை என்று எழுதுகிறேன்” என்றார் தத்தனார். “சரி, ஆற்றில் வெள்ளம் வந்தால்? தலைவர் வராத நாளில் யார் சொல்வதைக் கேட்பது?”

கொற்றனாருக்குச் சலிப்பு வந்தது. “இத்தனை கேள்வி எதற்கு, தத்தரே? எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருக்கும்போதுதான் ஐயா எழுத முடியும். சண்டை வந்தபின் யார் உட்கார்ந்து எழுதுவது?”

“எழுதட்டும்” என்றார் செட்டியார்.

எழுதி முடித்ததும், “படித்ததை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்” என்று தத்தனார் இருவரையும் தனித்தனியே கேட்டார். சொன்னது வேறுபட்டால் ஓலையைக் கிழித்தார். மூன்று ஓலைகள் கிழிந்தன. நான்காவது ஓலையை இருவரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். அதன் நடையை யாரும் புகழவில்லை.

கார்த்திகையில் மறுபடி வண்டிகள் போயின. கொற்றனார் காய்ச்சலில் படுத்திருந்ததால், ஓலையில் கண்டபடி அவர் தங்கை மகன் எயினன் காவலுக்குத் தலைமை ஏற்றான். ஆற்றை அடைந்தபோது அது கரைபுரண்டு ஓடியது.

“எத்தனை நாள் மழையில் கிடப்பது? திரும்பிவிடுவோம்” என்றார்கள் காவலர்கள்.

எயினன் ஓலையைப் படிக்கச் சொன்னான். ‘வெள்ளம் வந்தால், அது வடியும்வரை காவலர் வண்டிகளோடு தங்குவர். அந்நாட்களில் அவர்களுக்குச் சோறு போடுவது வணிகர் பொறுப்பு.’

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. வணிகர்கள் உலை வைத்தார்கள். காவலர்கள் வேல் பிடித்து நின்றார்கள். மூன்று முறை கள்வர்கள் புதருக்குள் மறைந்து நெருங்கினார்கள். மூன்று முறையும் வேல்களைப் பார்த்துத் திரும்பினார்கள். ஐந்தாம் நாள் வெள்ளம் வடிந்தது. காவலர்கள் வண்டிகளை யானைப்பாறை தாண்டவிட்ட பிறகே திரும்பினார்கள்.

அந்த முறை போன வண்டியோட்டிகள் ஒருவர்கூடக் குறையாமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

உடன்படிக்கை எழுதுகிறவர், இரு தரப்புக்கும் அது ஒரே பொருள் தரும்வரை எழுத்தாணியைக் கீழே வைக்கக் கூடாது.