மூன்று ஏற்றம் நனைந்த நாரை

“கரை ஒதுங்கினதை எடுக்கலாம்டா சாத்தா, தப்பில்ல. ஆனா கடல் மூணு ஏற்றம்…” என்று தாய்மாமன் ஒருநாள் ஆரம்பித்தார். அதற்கப்புறம் என்ன சொன்னார் என்பது சாத்தனுக்கு நினைவில்லை. அப்போது அவன் வாயில் பனங்கிழங்கு இருந்தது. கவனமெல்லாம் அதன் மேல்.

வெகு காலத்துக்கு முன்னால், கடல் இப்போதிருப்பதைவிட நாலு முழம் தள்ளிப் படுத்திருந்த காலத்தில், ஆழிமங்கலம் என்றொரு ராஜ்ஜியம். ராஜாவும் இருந்தார், அவர் பாட்டுக்கு இருக்கட்டும், நம் கதைக்கு வேண்டாம். நமக்கு வேண்டியவன் சாத்தன். ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் அவன் குடிசை. கடல் ஒதுக்கிய கட்டை, அறுந்த வலை, உடைந்த பானை, சிப்பி, இவற்றைக் கொண்டு மணல்மேட்டில் மானும் மீனும் செய்து நிறுத்துவான். ஆணி மட்டும் தொடமாட்டான். எல்லாம் தாழைநார்க் கயிற்றில் முடிச்சு. ஏனென்று கேட்டால், “முடிச்சுன்னா அவிழ்க்கலாம்ல” என்பான்.

அவனுக்கு ஒரே தம்பி, கீரன். சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து, இடது முழங்கை கோணலாகக் கூடியவன். ஆறு பேரோடு கட்டுமரம் ஏறிப் போனவன் திரும்பவில்லை. அந்த ஆறு பேரும் திரும்பவில்லை.

“வழி தெரியாம சுத்துறான். தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியுற மாதிரி ஒண்ணு நிறுத்துறேன்” என்று சொல்லி, பனை உயரத்துக்கு ஒரு நாரை கட்ட ஆரம்பித்தான் சாத்தன்.

உடம்பு முடிந்தது. கழுத்து வேண்டுமே என்று நினைத்துப் படுத்தான். விடிந்து பார்த்தால் மணலில் வளைந்த கட்டை ஒன்று, அளவெடுத்த மாதிரி. சந்தோஷத்தில் அப்படியே தூக்கிக் கட்டினான். சிறகு வேண்டுமே என்று நினைத்தான், இரண்டு சிறகு. கால் வேண்டுமே என்று நினைத்தான், இரண்டு கால். பிறகு அலகு. பிறகு வால்.

அவன் மனைவி நாச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள். “கடல் என்ன உங்க மாமியார் வீடா, நினைச்சதெல்லாம் எடுத்து வைக்க?”

சாத்தனுக்கு உள்ளே ஒன்று நெருடியது. கட்டையை நாக்கால் தொட்டுப் பார்த்தான். உப்பு இல்லை. கடலில் கிடந்த மரத்தில் கொட்டலசு ஓடு ஒட்டி, கையைக் கிழிக்கும். இது வழவழவென்று இருந்தது.

நாரையின் காலடியில் வளை தோண்டியிருந்த கிழ நண்டைக் கேட்டான். “யார் கொண்டுவந்து போட்டது?”

“எனக்கென்ன தெரியும்? நான் பக்கவாட்டுல நடக்கிறவன்.”

நண்டின் மேல் சந்தேகம் வந்தது. நாச்சியின் மேலும் வந்தது. தன்னைத் தேற்றுவதற்காக அவளே கொண்டுவந்து போடுகிறாளோ?

“இந்தக் கட்டையைத் தூக்குற தெம்பு இருந்தா, தண்ணிக்குடம் தூக்கும்போது ஏன் இடுப்பைப் பிடிக்கிறேன்?” என்றாள் அவள்.

அன்று மத்தியானம் ஒரு உப்பு வணிகன் கழுதையோடு வந்தான். நாரையை அண்ணாந்து பார்த்தான்.

“தம்பி, ஏழும் வந்துருச்சா?”

“ஏழுன்னு யார் சொன்னா அண்ணாச்சி?”

“பார்த்தா தெரியுதே. ஆனா கயிறு காத்துக்கு நிக்காது. இந்தா, ஏழு வெள்ளி ஆணி. ஒண்ணுக்கு ஒண்ணு அடிச்சுடு. உன் தம்பி நாளைக்கே வந்துடுவான்.”

சாத்தனுக்கு உள்ளே நெருடியது. “சரி அண்ணாச்சி. கஞ்சிக்கு ஒரு கை உப்பு குடுங்க.”

வணிகன் மூட்டையைத் தொடவிடவில்லை. “இது ஏற்கெனவே வித்த சரக்கு” என்று நகர்ந்தான். நகர்ந்தவன் ஈர மணலைச் சுற்றிக்கொண்டு போனான்.

சாத்தன் மறுபடி நண்டிடம் குனிந்தான்.

“எனக்கென்ன தெரியும்? நான் பக்கவாட்டுல நடக்கிறவன். கால் மட்டும்தான் கண்ணுல படும். ராத்திரி வந்துட்டுப் போற அந்தக் கால் ஒரு தடவைகூட நனைஞ்சு பார்த்ததில்ல.”

நாச்சி நாரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கீரன் தோள்ல கூடையை வச்சுக் கையை மடக்குவானே, இதே கோணல்.”

சாத்தன் அந்த வளைவில் கை வைத்தான். நிழல் பக்கம்தான். ஆனாலும் வெதுவெதுப்பாக இருந்தது.

இது வெறும் மரமாக இருந்துவிட்டால்? பிரித்துப் போட்டால் தம்பிக்குக் கரை காட்ட வேறு அடையாளம் இல்லை. ஆணி அடித்தால்? மாமன் சொன்ன மூன்று ஏற்றம் நினைவுக்கு வந்தது. கடல் மூன்று முறை ஏறி இறங்கும்வரை மாமன் எதையும் தொடமாட்டார்; சாத்தனோ இந்த ஏழு கட்டையையும் ஓர் அலைகூடப் படாமல் தூக்கியிருந்தான்.

முதல் முடிச்சை அவிழ்த்தான். ஏழையும் இறக்கி நீர்விளிம்பில் வரிசையாக வைத்தான்.

முதல் ஏற்றம் வந்தது. வணிகன் திரும்பி வந்து மேட்டில் நின்று, “தம்பி, பொன் தர்றேன், எடுத்துக் கட்டு” என்றான். சாத்தன் அசையவில்லை. இரண்டாம் ஏற்றம் வந்தது. “உன்னையும் கட்டையாக்கிடுவேன்” என்றான். சாத்தன் அசையவில்லை. மூன்றாம் ஏற்றம் மேட்டைச் சுற்றி வளைத்தது. “தம்பி, கால் நனையுது, தூக்கிவிடு” என்றான். நீர் குதிகாலைத் தொட்டதும் சாம்பலாய் உதிர்ந்தான். கழுதை முதுகு மூட்டையிலும் சாம்பல்தான்.

விளிம்பில் ஏழு பேர் இருமிக்கொண்டே எழுந்தார்கள். கோணல் கையை உதறிக்கொண்டு கீரன் வந்தான்.

“ஒரு கை சாம்பலை ஊதினான் அண்ணா, கட்டையாயிட்டோம். எங்களை நாரையாக்கி, அதுல ஏறிப் பறக்கணுமாம் அவனுக்கு. உயிர் வர்ற மாதிரி கட்ட உன் கைதான் வேணும்னான். ஆணி இறங்கியிருந்தா நாங்க திரும்ப மனுஷனாகியிருக்க மாட்டோம்.”

ஏழு வீட்டிலும் உலை பொங்கியது. தண்ணீர் சுமக்க நாச்சிக்கு ஒரு கழுதை கிடைத்தது.

மறுநாள் காலை கரையில் ஒரு கிளை கிடந்தது. மயில் கழுத்து மாதிரி அழகான வளைவு. சாத்தன் நாக்கால் தொட்டான். உப்பு. அடியில் கொட்டலசு கையைக் கிழித்தது.

“சும்மா மரம்தான் அண்ணா, எடுத்துக்க” என்றான் கீரன்.

“எனக்கென்ன தெரியும்?” என்றது நண்டு, யாரும் கேட்காமலே.

சாத்தன் கிளையை நீர்விளிம்பில் வைத்துவிட்டு, மூன்று ஏற்றம் வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.