வேலியோர மூலை

தேயிலைக் காட்டுக்கு நடுவே மலைமேல் ஒரு சபை. முதலில் அது துரைமார் சபை. அவர்கள் கப்பலேறியபின், கொழுந்து பறித்த தமிழர் சபை. இப்போது பிள்ளைகளெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிவிட, ஞாயிறு ஆராதனைக்கு மிஞ்சியது கிழடுகள்தான்.

அதில் ஒருவர் மளிகைக்கடை மாசிலாமணி. கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம். எமனிடமே பேரம் பேசுவார் என்று ஊர் சொல்லும். மனைவி லேயாள் போனபின், தன் மகள் வயதுள்ள ஆயர் எப்சிபாவிடம் சீடனாய் வந்து உட்கார்ந்தார். கேட்டது எப்போதும் ஒரே கேள்வி.

"எல்லாரும் போயிட்டா, என்னையப் பாட்டுப் பாடி அடக்கம் பண்ண யாரும்மா இருப்பா? நாயப் புதைக்கிற மாதிரி புதைச்சிட்டுப் போயிருவானுவளா?"

ஆயர் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்.

ஒரு மத்தியானம் மாசிலாமணி மழையில் நனைந்து ஓடிவந்தார். ஜார்க்கண்டிலிருந்து வந்து கொழுந்து பறிக்கிறவர்கள், காய்ச்சலில் போன ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு கல்லறை வாசலில் கூட்டமாய் நிற்கிறார்களாம். முன்னால் மரச்சிலுவை.

"நான் பூட்டத் தொறக்கல. தொறந்தா அம்புட்டுத்தான். நம்ம கோயில் அவங்க கோயிலாயிரும்."

ஆயர் குடையை எடுத்தார்.

வழியெல்லாம் பேரம். தோண்ட முடிந்த இடம் இரண்டுதான், மற்றதெல்லாம் பாறை. லேயாளுக்குப் பக்கத்தில் இருப்பது தனக்கென்று வைத்தது. வேண்டுமானால் வேலியோர மூலையைக் கொடுக்கலாம். அதற்குமேல் ஒரு சாண் கிடையாது.

"உங்க தாத்தாவுக்கும் துரைமார் அந்த மூலையத்தான குடுத்தாங்க, அண்ணாச்சி?"

"ஆமா."

"மறுநாள் விடிஞ்சப்போ?"

வேலிக்குள் புகுந்த காட்டுப்பன்றி கிளறிப் போட்ட தாத்தாவின் உடம்பை, அப்பா தன் வேட்டியை அவிழ்த்து மூடினார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை மாசிலாமணி.

வாசலில் யாரும் அவரை ஏசவில்லை. செத்தவளின் புருஷன் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்தார். கதவு திறந்ததும் மாசிலாமணி யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். லேயாள் கல்லறைக்குப் பக்கத்து மண்ணைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இங்க தோண்டு."

தோண்டினார்கள். அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். இனி அவருக்கு மிச்சம் அந்த வேலியோர மூலைதான்.

பெட்டி இறங்கியது. அவர்கள் பாடத் தொடங்கினார்கள். மாசிலாமணி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க?"

"எனக்கு இங்க என்னம்மா வேல? அவங்க பாடுறதுல ஒரு வார்த்த புரியல."

ஆயர் குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினார்.

"முடியிற வரைக்கும் நில்லுங்க, அண்ணாச்சி. நாளைக்கு உங்க குழிகிட்ட இவங்கதான் நிப்பாங்க. நம்ம பாட்டு இவங்களுக்கும்தான் புரியாது."