தண்டவாளத்தில் நின்ற மயிலைக் காளை

அந்தக் காலத்தில் மாடுகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. ரயில் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. ஓலப்பட்டி ஸ்டேஷனில் ஆள் ஏறுவது அபூர்வம். சந்தை மாடுகளை ஏற்றுவதற்கென்றே போட்ட ஸ்டேஷன் அது. ஏற்றிவிடுகிற வேலை ஞானப்பிரகாசத்துக்கு. கடலோரத்துக்காரர். படகைப் பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்வார், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒருநாள் சென்னியப்பன் தன் வண்டிமாடுகள் இரண்டையும், சாம்பல்வெள்ளை மயிலையையும் சிவப்புச் செவலையையும், ஓட்டிவந்து கட்டினார். ஒன்றைத் தூரத்துக் கல்குவாரிக்கு விற்றிருந்தார். துணையில்லாமல் அது நடக்காது என்பதால் மற்றதும் கூட வந்தது. வண்டிக்காரர்கள் மாட்டை நிறம் சொல்லிக் குறிப்பதில்லை, பூட்டுகிற பக்கம்தான் கணக்கு. "வலத்து மாட்டை ஏத்திருங்க. இன்னொன்னைப் பொழுதோட வந்து ஓட்டிக்கறேன்" என்றவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பார்த்தால் அழுதுவிடுவார், பாவம்.

ஞானப்பிரகாசம் மாடுகளுக்கு எதிரே போய் நின்றார்.

"உங்கள்ல வலத்து மாடு யாரு?"

"நானுங்க" என்றது மயிலை.

"நானுங்க" என்றது செவலை.

அவருக்குத் தலை சுற்றியது.

"வண்டியில உக்காந்தாப்பல பாருங்க, நான்தான் வலது" என்றது மயிலை. "இவன் கோமாரி வந்து இப்பத்தான் எந்திரிச்சிருக்கான். குவாரிக்குப் போனா செத்துருவானுங்க."

"நீங்க நிக்கற எடத்துல இருந்தே பாருங்க" என்றது செவலை. "உங்க வலக்கைப் பக்கம் யாரு நிக்கறா?"

வலக்கையைப் பார்த்தார், செவலை நின்றது. சுற்றிப்போய் மாடுகளின் பின்னால் நின்று பார்த்தார், மயிலை நின்றது. மறுபடி முன்னால் வந்தார். "மாதாவே, இதென்ன சோதனை!" அதற்குள் ரயில் ஊதிவிட்டது. கார்டு பச்சைக்கொடியை எடுத்துவிட்டார். பதற்றத்தில் கைக்கு வந்த கயிற்றை அவிழ்த்து ஏற்றினார். செவலை போய்விட்டது.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று மயிலை கதறியது.

"அழாத ராசா. அடுத்த வண்டிக்குக் குறுக்க நில்லு. நிறுத்தி, கேட்டு, மாத்திக்கலாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். எங்கே கேட்பது, யாரைக் கேட்பது, அவருக்கே தெரியாது.

மயிலை அதை நம்பித் தண்டவாளத்தில் போய் நின்றது. அடுத்த ரயில் வந்து நின்றதும், "என்ற தம்பி எங்கீங்க?" என்று கேட்டது. இன்ஜின் ஊதியது. மறுபடி கேட்டது. மறுபடியும் ஊதியது. அது ஆமாவா இல்லையா என்று மயிலைக்கு விளங்கவில்லை. கேட்டுக் கேட்டு அதன் பேச்சே நின்றுபோனது. அதைப் பார்த்த மற்ற மாடுகளும் மனிதரிடம் வாய் திறப்பதை விட்டுவிட்டன.

அன்று முதல்தான், எத்தனை ஊதினாலும் தண்டவாளத்து மாடு நகராமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. செவலையை இறக்கிவிட்டால் வழிவிட்டுவிடும்.