கொற்றவராயன் புகைக்கூண்டைச் சரிசெய்த கதை

காது கொடுப்பவர்கள் கிட்டே வாருங்கள், கொட்டாவி விடுபவர்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள். மழையும் மாடும் குறையாமல் இருந்த ஒரு காலத்தில், மலைகளுக்கு நடுவே குன்றை என்றொரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அரண்மனையில் அரசன் தும்மினால் எல்லைக் காவல்காரன் "நூறாயுசு" என்று வாழ்த்துவான். அவ்வளவுதான் அதன் அகலம்.

அதை ஆண்டவன் கொற்றவராயன். நல்லவன்தான், கொடுக்கும் கை உள்ளவன்தான். ஆனால் அவனுக்கு ஒரு வியாதி. எந்த வேலைக்கும் அந்த வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடமாட்டான். கூப்பிட்டால், அரசனுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம்.

தன் குதிரைக்குத் தானே லாடம் அடித்தான். அன்று முதல் குதிரை நொண்டி நொண்டி நாட்டியம் ஆடியது. அரண்மனைக் கூரைக்குத் தானே ஓடு மாற்றினான். மழைக்காலத்தில் அரசி கட்டிலில் குடை பிடித்துத் தூங்கினாள். தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டான்; அதற்கப்புறம் குளிக்கும்போதுகூடக் கிரீடத்தைக் கழற்றவில்லை. மூன்றுக்கும் அவனுடைய அமைச்சர்கள் மூன்று பேரும் தலையை ஆட்டி ஆட்டிப் பாராட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அதை மட்டும் சுத்தமாகச் செய்வார்கள்.

அரண்மனைச் சமையற்கட்டில் தினமும் உச்சிவேளைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சோறு உண்டு. சமையற்கட்டின் மேலே பனைமர உயரத்துக்கு ஒரு செங்கல் புகைக்கூண்டு. அதில் புகை எழும்பினால் மூன்று கணவாய்க்கு அப்பாலும் தெரியும். வழிப்போக்கர்கள் அதைப் பார்த்துத்தான் நடையை எட்டிப் போடுவார்கள். கொற்றவராயனுக்கு நாட்டில் மிகவும் பிடித்த பொருள் அந்தப் புகைதான்.

ஒருநாள் புகை மெலிந்தது. மறுநாள் நூலாயிற்று. மூன்றாம் நாள் காணவே காணோம். வெளியே போகாத புகை எங்கே போகும்? சமையற்கட்டிலேயே தங்கிவிட்டது. தலைமைச் சமையற்காரி பூவாயி கண்கள் சிவந்து, இருமிக்கொண்டே அரசன் முன்னால் வந்து நின்றாள்.

"மகராசா, கூண்டுக்குள்ள பல வருசத்துக் கரி அடைஞ்சு கெடக்கு. அடுப்புச் சாம்பல நாங்க தினம் அள்ளிடுறோம், இது எங்களுக்கு எட்டாத வேலை. சுண்ணாம்புக் காளவாய் செங்கமலத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. அவ கூண்டு வேலை தெரிஞ்சவ, அடுத்த தெருதான்."

"கோட்டை மதில் ஏறுனவன் நான்," என்றான் கொற்றவராயன். "ஒரு கூண்டு ஏற மாட்டேனா?"

அவள் கண்ணைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டான்.

முதலில் ஒரு நீள மூங்கிலில் வைக்கோலைக் கட்டி அடுப்படியிலிருந்து மேலே குத்தினான். கரி பாதி கொட்டியது, கொட்டிய பாதியும் சாமைச் சோற்றில் விழுந்தது. மீதிப் பாதி கூண்டின் வளைவில் போய் இறுகிக்கொண்டது. அன்றைய சோற்றைத் தின்ற அமைச்சர்கள், மிளகு தாராளமாக விழுந்திருக்கிறது என்று புகழ்ந்தார்கள்.

அடுத்ததாக உச்சியில் ஏறி இருபது குடம் தண்ணீர் ஊற்றினான். கரி குழைந்து உட்சுவரெங்கும் பூச்சு மாதிரி ஒட்டிக்கொண்டது. அமைச்சர்கள் கூண்டுக்கு அபிஷேகம் ஆயிற்று என்றார்கள். அடுப்படியில் பூவாயியும் மற்றப் பெண்களும் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, சோற்றுப்பானை எங்கே இருக்கிறதென்று கையால் தடவித் தேடினார்கள்.

மூன்றாவதாக அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் யோசனைகளிலேயே அதுதான் உச்சம். ஊருக்கு வேண்டியது என்ன? புகை. புகை எந்த ஓட்டை வழியாக வந்தால் என்ன? சமையற்கட்டின் மொட்டை மாடியில், கூண்டுக்குப் பக்கத்திலேயே ஈர வைக்கோலைக் குவித்துப் பற்றவைத்தான். புகை கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு புகையைக் குன்றை நாடு கண்டதில்லை. மூன்று கணவாயிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அமைச்சர்கள் அவனுக்குப் 'புகைகண்ட பெருமாள்' என்று பட்டம் சூட்டினார்கள். கொற்றவராயன் தினமும் மாடியில் நின்று தன் கையாலேயே விசிறிக்கொண்டிருந்தான். கீழே அடுப்படியில் புகை இருந்த இடத்திலேயே இருந்தது.

பத்தாம் நாள் உச்சிவேளையில் காற்று சுழன்றது. எரிகிற வைக்கோல் ஒரு பிடி பறந்து கூண்டு வாய்க்குள் விழுந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் எப்போதோ காய்ந்திருந்தது. கரி பிடித்துக்கொண்டது.

கூண்டு உறுமியது. உச்சியில் தீ ஆளுயரத்துக்கு எழும்பியது. முற்றத்தில் நின்ற அமைச்சர்கள், இன்று பட்டத்தில் 'தீ'யையும் சேர்த்துவிடலாமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கொற்றவராயன் குடத்தைத் தூக்கினான். கீழேயிருந்து பூவாயியின் குரல் கேட்டது.

"தண்ணி ஊத்தாதீங்க மகராசா, சூடேறுன செங்கல் வெடிச்சு எங்க மேல விழும்."

சொல்லிவிட்டு மற்றப் பெண்களை வெளியே தள்ளினாள். அடுப்பில் எரிகிற விறகை இழுத்துப் போட அவள் மட்டும் உள்ளே போனாள். போனவள் திரும்பவில்லை.

கொற்றவராயன் குடத்தைக் கீழே வைத்தான். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்று தனக்கு நேரும் என்று அவன் நினைத்ததே இல்லை. அமைச்சர்களைப் பார்த்தான். அவர்கள் தலையை ஆட்டினார்கள். மாடியிலிருந்து இறங்கி, கூடியிருந்த அத்தனை பேர் நடுவிலும் ஓடினான். வழியில் கிரீடம் விழுந்தது. அடுத்த தெருவில் காளவாய் வாசலில் நின்றிருந்த செங்கமலத்தைப் பார்த்துச் சொன்னான்:

"எனக்குத் தெரியலம்மா. நீ வா."

அவன் வாழ்நாளில் அந்த வார்த்தையைவிடக் கனமான எதையும் தூக்கியதில்லை.

செங்கமலம் எரிகிற கூண்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். நனைத்த கோணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். "உள்ள போயி அந்தம்மாவத் தூக்கிட்டு வாங்க, அது உங்களால முடியும்," என்றாள். அவன் தூக்கி வந்தான். அவள் அடுப்பு வாயை ஈரக்கோணியால் அடைத்தாள், மாடியில் கூண்டு வாயையும் மூடினாள். மூச்சு முட்டித் தீ தானாக அடங்கியது.

மறுநாள் பனைநாரைக் கற்றையாகக் கட்டி, அடியில் கல் தொங்கவிட்டு, கயிற்றில் உச்சியிலிருந்து இறக்கினாள். பதினேழு கூடை கரி வந்தது. வெடித்த செங்கல்லைச் சுண்ணாம்பு வைத்துப் பூசினாள். அமைச்சர்கள் அவளுக்கும் ஒரு பட்டம் யோசித்தார்கள். அவள் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"சாம்பல் அள்ளுங்க, புகை நேராப் போகுதான்னு பாருங்க, அது உங்க வேலை," என்றாள் அரசனிடம். "மேல ஏறுறதும் உள்ள துடைக்கிறதும் என் வேலை. வருசத்துக்கு ஒருக்கா ஆள் அனுப்புங்க. புகை திரும்புச்சுன்னா அன்னைக்கே அனுப்புங்க."

பூவாயி பிழைத்துக்கொண்டாள். ஆனால் கூண்டிலிருந்து கொட்டிய நெருப்பு அவள் கண்களை விட்டுவைக்கவில்லை. அரசன் அவளுக்கு வீடு கொடுத்தான், வயல் கொடுத்தான், பசு கொடுத்தான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், ஆனாலும் உச்சிவேளைக்குப் பழக்கம் விடாமல் சமையற்கட்டு வாசலில் வந்து உட்காருவாள். அரசன் அவள் பக்கத்தில் வந்து நிற்பான். அவள் தினமும் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"புகை நேரா மேல போகுதா மகராசா?"

"போகுதும்மா," என்பான் கொற்றவராயன். பிறகு உள்ளே போய் அன்றைய சாம்பலை அள்ளுவான்.

ஆகவே, கேட்டவர்களே, கதை சொல்வது இதுதான்: கைக்கு எட்டும் வேலையை நாமே செய்யலாம், எட்டாத வேலைக்குத் தெரிந்தவரைக் கூப்பிடாத வீம்புக்காரனின் தவறுக்கு அடுத்தவர்தான் கண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கும்.